கூடை நட்ட புறம்போக்கு

முதலில் காதில் விழுந்தது சங்கிலிச் சத்தம்தான். பாசடினாவில் மகள் வீட்டுக்குப் போய் நாலைந்து நாள் ஆகியிருக்கும். இரவு பகல் புரண்டு கிடந்த நேரம். விடியுமுன்னே எழுந்து கூடத்தில் உலாத்திக்கொண்டிருந்த என்னை மாப்பிள்ளைதான், "வாங்க மாமா, பார்க்குக்குப் போயிட்டு வருவோம்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஓக் மரங்களுக்கு அடியில் ஒற்றையடிப் பாதை. கொஞ்சம் தள்ளி, ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால், கலகலவென்று இரும்புச் சங்கிலி குலுங்கியது. நான் நின்றுவிட்டேன். முப்பத்துநாலு வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. செயின்மேன் வரப்பின் மேல் சங்கிலியை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம். இந்த நேரத்தில் இங்கே எவன் அளக்கிறான் என்றுதான் தோன்றியது.

அளக்கவில்லை, எறிந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஓர் இரும்புக் கம்பம். அதில் இடுப்புயரத்தில் ஒரு கம்பிக் கூடை. கூடைக்கு மேலே ஒரு வளையம், வளையத்திலிருந்து கொத்தாகச் சங்கிலிகள். தொலைவிலிருந்து ஒருவர் எறிந்த தட்டு வளைந்து வந்து சங்கிலியில் மோதி, வேகம் செத்து, கூடைக்குள் தொப்பென்று விழுந்தது. கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். பதினெட்டுக் கூடையையும் யார் குறைந்த எறியில் முடிக்கிறாரோ அவர் கெட்டி. டிஸ்க் கோல்ஃப் என்று பெயர்.

"மாமா, நீங்க இப்ப நிக்கிறது சாதாரண இடமில்ல. உலகத்துலயே முதல்ல போட்ட நிரந்தரக் கோர்ஸ் இதுதான்" என்றார் மாப்பிள்ளை.

"அப்படின்னா இது எத்தனாவது தரம்?" என்று கேட்டேன்.

கேலிக்குக் கேட்கவில்லை. பழக்கதோஷம். எங்கள் ஊர் 'அ' பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு கலம், அதற்கடுத்து 'மண் தரம்' என்று ஒரு கலம் இருக்கும். முதல் கலம் மண் என்ன மண் என்று சொல்லும். கரிசலா, செவலா, மணலா, அதில் நல்லதா கெட்டதா. 8-2, 7-3 என்று இரண்டு எண்கள், அவ்வளவுதான். அடுத்த கலம் அந்த நிலத்துக்கு எவ்வளவு தீர்வை போடலாம் என்பதற்கான தரம். இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டால் சர்வேயர் வேலைக்கு லாயக்கில்லை. நல்ல கரிசலாக இருக்கும். தண்ணீர் ஏறாது, சந்தை தூரம், தரம் இறங்கிவிடும். மட்டமான மணலாக இருக்கும். பக்கத்தில் ஆறு, தரம் ஏறிவிடும். மண் அப்படியேதான் கிடக்கிறது. தரம் மனிதன் போட்டது.

அங்கே இருந்த ஆறு மாதமும் எனக்கு இந்தத் தட்டு விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது. விளையாட அல்ல, எழுபது வயதில் தோள் எவ்வளவு ஒத்துழைக்கும்? இவர்கள் நிலத்தை எப்படி வகை பிரிக்கிறார்கள், எப்படித் தரம் போடுகிறார்கள் என்று பார்க்கிற பைத்தியம். பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கியது. இவர்களுடைய வரலாறே அந்த இரண்டு கலங்களும் ஒன்றோடொன்று கலந்துபோன கதைதான்.

ஆரம்பத்தில் நிலமே கிடையாது. கனடாவில், சஸ்காட்சுவான் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்றொரு சிற்றூர். 1926-இல் அங்கே பள்ளிக்கூடத்துப் பையன்கள் டப்பாவின் தகர மூடியை எறிந்து 'தகர மூடி கோல்ஃப்' விளையாடியிருக்கிறார்கள். நாம் சைக்கிள் டயர் உருட்டியதைப் போல. அது அவர்களோடு போயிற்று. 1957-இல் வாம்-ஓ என்ற பொம்மைக் கம்பெனி பிளாஸ்டிக் தட்டை விற்க ஆரம்பித்த பிறகு, 60-களில் கலிஃபோர்னியாவில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறவர்கள் ஹுலா ஹூப் வளையங்களைத் தரையில் போட்டு அதற்குள் எறியச் சொன்னார்கள். 1970 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஒரு கூட்டம் விளக்குக் கம்பத்தையும் மரத்தையும் இலக்காக வைத்து, ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி எறிந்துகொண்டிருந்தது. 1974-இல் அவர்கள் ஒரு போட்டி வைத்து முதல் பரிசாக டாட்சன் கார் ஒன்றையே கொடுத்தார்கள். தட்டு எறிந்து கார் வாங்கியவனைப் பார்த்த பிறகுதான், நாட்டின் மற்ற மூலைகளில் தாங்களும் இதைத்தான் செய்கிறோம் என்று பலருக்குத் தெரிந்தது.

இதெல்லாம் அனுமதி இல்லாத ஆட்டம். அனுபோகம் உண்டு, பட்டா கிடையாது. பட்டா வாங்கியவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ கம்பெனியில் வேலை பார்த்தவர். தட்டின் மேற்புறத்தில் வட்ட வட்டமாகக் கோடுகள் ஓடுகின்றனவே, அவை அதைக் காற்றில் ஆடாமல் பறக்கவைக்கும் என்று காட்டி 1967-இல் காப்புரிமை வாங்கியவர் இவர்தான். 1975-இல் அந்த வேலையை விட்டுவிட்டு இந்த ஓக் குரோவ் பூங்காவில் ஒரு கோர்ஸ் போட்டார். முதலில் கூடை கிடையாது, வெறும் கம்பம். தட்டு கம்பத்தில் பட வேண்டும். பட்டதா இல்லையா? அங்கேதான் தகராறு. எறிந்தவன் பட்டது என்பான், எதிராளி காற்றுதான் பட்டது என்பான். எல்லைக்கல் தகராறு பார்த்தவனுக்கு இந்த வழக்கு புதிதல்ல. ஹெட்ரிக் அதற்குச் சாட்சி சொல்ல ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்: சங்கிலி. பட்டால் சத்தம் போடும், தட்டைப் பிடித்துக் கூடைக்குள் தள்ளும். வாய்த்தகராறு ஒழிந்தது. அந்தச் சங்கிலிக் கூடைக்கு 1977-இல் காப்புரிமை கிடைத்தது. இடையில் 1976-இல் பி.டி.ஜி.ஏ. என்ற தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தையும் தொடங்கி, உறுப்பினர் எண் 1-ஐத் தனக்கே போட்டுக்கொண்டார். 2002-இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்துவிட்டார்கள். காசியில் கரைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எறிந்து விளையாடுவதை இங்கேதான்.

சரி, ஏன் இந்த நிலம்? இதை மாப்பிள்ளை சொல்லவில்லை. நானே சுற்றிப் பார்த்துக் கண்டுகொண்டேன். பூங்காவின் கிழக்கு ஓரத்தில் நின்றால் கீழே பெரிய பள்ளம். புதரும் மணலும் வறண்ட ஓடைத் தடமுமாகக் கிடக்கிறது. தெற்கே அணை. டெவில்ஸ் கேட் அணை, 1920-இல் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது. மழைக்காலத்தில் மலையிலிருந்து வரும் தண்ணீரும் வண்டலும் தேங்குகிற பள்ளம் அது. நம் பதிவேட்டில் நீர்ப்பிடிப்பு என்று எழுதிச் சிவப்பு மையில் கோடு போடுகிற இடம். வீடு கட்ட முடியாது. கரையில் நிற்கிற பழைய ஓக் மரங்களை வெட்ட முடியாது, அதனால் பேஸ்பால் மைதானமும் வராது. ஆக, யாருக்கும் வேண்டாத விளிம்பு. மரத்துக்கு மரம் தட்டை வளைத்து எறிகிறவனுக்கு மட்டும்தான் அது வேண்டியிருந்தது.

பின்னால் நான் படித்ததிலும் பார்த்ததிலும் திரும்பத் திரும்ப இதே கதைதான். கோல்ஃபுக்குப் புல்வெளியைப் பாடுபட்டு உருவாக்க வேண்டும். அதற்கு மண் கொட்டி, தண்ணீர் பாய்ச்சி, ஜமீன் போல வேலி போட வேண்டும். தட்டுக்கோ இருக்கிற நிலமே போதும். கான்கிரீட்டில் எறிமேடை ஒன்று, கூடை நட ஒரு குழி. பூங்கா இலாகாக்காரர்கள் மற்ற விளையாட்டுகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு மீதி கிடக்கும் சரிவையும் காட்டையும் ஓடைக்கரையையும் இவர்களிடம் தள்ளிவிட்டார்கள். மரம் அடர்ந்தது, வெட்டவெளி, மேடுபள்ளம், தண்ணீர் சூழ்ந்தது என்று இன்று ஆட்டக்காரர்கள் வகை பிரித்துப் பேசுகிறார்களே, அந்த வகைகளெல்லாம் ஒவ்வோர் ஊரிலும் எந்தப் புறம்போக்கு மிஞ்சியது என்பதன் பட்டியல்தான். வெர்மான்ட்டில் ஸ்மக்லர்ஸ் நாட்ச் என்ற பனிச்சறுக்கு மலையில், பனியில்லாத மாதங்களுக்கு இரண்டு கோர்ஸ். மாசசூசெட்ஸில் லெஸ்டர் என்ற ஊரில் கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கும் தோட்டத்தில் மேப்பிள் ஹில். கன்சாஸில் எம்போரியா ஊரைச் சுற்றி, காற்று ஒரு கணம் நிற்காத வெட்டவெளி. அங்கே மரம் தொல்லை கொடுக்காது, காற்றுதான் மரம்.

சான்டா குரூஸில் இருக்கும் டிலாவியாகாவுக்கு மாப்பிள்ளை என்னைக் கூட்டிப்போனார். அரை நாள் கார்ப் பயணம். 1984-இல் போட்ட கோர்ஸ். மலை முகட்டு விளிம்பில் ஓடுகிறது. கூடை மேலே, தட்டு கொஞ்சம் தவறினால் கிடுகிடு பள்ளத்தில். ஒவ்வொரு கூடைக்கும் பின்னால் பள்ளம் காத்துக்கொண்டிருக்கிறது, வட்டிக்கடைக்காரன் மாதிரி. 27-ஆம் கூடைக்கு 'உலகத்தின் உச்சி' என்று பெயர். மேடையில் நின்றால் தொலைவில் மான்டெரே வளைகுடாவின் நீலம் தெரியும். கீழே சரிவில், மரத்தலைகளுக்கு அப்பால், கூடை. எறிந்த தட்டு காற்றில் நிற்கிற நேரத்தில் ஒரு பீடி பற்றவைத்துவிடலாம். அந்த மேடையில் நின்றபோது எனக்கே கை பரபரத்தது. மாப்பிள்ளையிடம் ஒரு பழைய தட்டை வாங்கி எறிந்தேன். அது உலகத்தின் உச்சியிலிருந்து முப்பதடி போய்ப் பக்கத்துப் புதரில் விழுந்தது. பரவாயில்லை என்று நானே இறங்கிப் போய் எடுத்துவந்தேன்.

மறுநாள் இரண்டு முழங்கையிலும் கொப்புளம். பாய்சன் ஓக் என்ற செடியாம். நம் ஊர்ச் செந்தட்டி நாணயமானது. தொட்ட உடனே சொல்லிவிடும். இது ஒரு நாள் கழித்துத்தான் கணக்குத் தீர்க்கிறது. பத்து நாள் கையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "மூணு மூணா இலை இருந்தா தொடாதீங்கன்னு சொல்ல மறந்துட்டேன் மாமா" என்றார் மாப்பிள்ளை. மகள் அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை. டிலாவியாகாவைப் பற்றி நான் படித்த எந்த வர்ணனையிலும் கடல் தவறாமல் வருகிறது. அந்தச் செடியையும் வயனக் கலத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மண் அப்படியே இருக்கத் தரம் மாறும் என்று சொன்னேன் அல்லவா? பம்புசெட் வந்தபோது எங்கள் பக்கத்தில் புஞ்சைகளெல்லாம் தோட்டமாகிவிட்டன. மண் மாறவில்லை, கருவி மாறியது. இங்கேயும் அப்படியொரு பம்புசெட் வந்தது, 1983-இல். டேவ் டனிபேஸ் என்பவர் தட்டின் விளிம்பைக் கூராகச் சரித்து ஒரு தட்டு செய்தார். ஈகிள் என்று பெயர். அதிலிருந்து இனோவா கம்பெனி. அதுவரை விளிம்பு உருண்டையாக, கடற்கரையில் பிள்ளைகள் எறிகிற தட்டு மாதிரியே இருந்தது. விளிம்பு கூரானதும் தட்டு காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போக ஆரம்பித்தது. ஓக் குரோவின் கூடைகள் எல்லாம் ஒரே எறியில் எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டன. ஒரே இரவில் முதல் தரம் மூன்றாம் தரமானது. மரம் அதே மரம், பள்ளம் அதே பள்ளம்.

பிறகு வந்தவர்கள் தூரத்தை நீட்டினார்கள். தூரம் நீண்டதும் யாருக்கு எவ்வளவு தூரம் என்ற கேள்வி. வீட்டுப் பிள்ளையும் உலக வாகையரும் ஒரே மேடையில் நின்று எறிய முடியாது. அதற்குச் சங்கம் ஒரு வண்ணக் கணக்கு வைத்தது. ஆட்டக்காரருக்கு மதிப்பெண் உண்டு. 1000 என்றால் கைதேர்ந்தவர். அந்த 1000-காரருக்கு ஏற்ற மேடை தங்க நிறம். 950-க்கு நீலம், 900-க்கு வெள்ளை, 850-க்குச் சிவப்பு, 800-க்குப் பச்சை. ஒரே கூடைக்கு எதிரே மூன்று நான்கு மேடைகள், தூரம் வேறு, நிறம் வேறு. ஒரே புல எண்ணுக்கு ஐந்து தரம் போட்ட மாதிரி. எங்கள் இலாகாவில் யாராவது இப்படிச் செய்திருந்தால் தாசில்தார் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருப்பார். யோசித்துப் பார்த்தால் இதுதான் நியாயமான முறை என்று தோன்றியது. தரம் நிலத்துக்கு மட்டும் உரியதல்ல, உழுகிறவனையும் சேர்த்துத்தான் என்பதை இவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த 1000 எப்படி வருகிறது என்று கேட்டபோதுதான் ஆடிப்போனேன். 1998-இல் தொடங்கிய முறை. சக் கென்னடி என்பவர் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். நிலத்தை யாரும் அளப்பதில்லை. போட்டியன்று ஏற்கனவே மதிப்பெண் உள்ளவர்கள் என்ன எண்ணிக்கையில் முடித்தார்கள் என்று பார்த்து, இந்தக் கோர்ஸில் இன்று 1000-காரர் இத்தனை எறியில் முடிப்பார் என்று ஓர் எண்ணை எடுக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து எல்லோருக்கும் அன்றைய மதிப்பெண். சாதாரண நீளக் கோர்ஸில் ஓர் எறி கூடினால் சுமார் 10 மதிப்பெண் இறங்கும். காற்றடித்தால் அதே கோர்ஸ் அன்று வேறு எண் காட்டும். ஆட்டக்காரனை வைத்து நிலத்தை மதிப்பிட்டு, அந்த நிலத்தை வைத்து ஆட்டக்காரனை மதிப்பிடுவது! நாமே நட்ட கல்லை நாமே சாட்சிக்குக் கூப்பிடுகிற வேலை. மாப்பிள்ளையிடம் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டேன். "மாமா, உங்க ஊர்ல முதல் கல்லை யாரு நட்டாங்க, எதை வச்சு நட்டாங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை. காபி குடித்தோம்.

மேட்டு நிலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. மகன் மிச்சிகனில் இருக்கிறான். அவன் வீட்டுக்குப் போனபோது மில்ஃபோர்ட் பக்கத்தில் கென்சிங்டன் பூங்காவைப் பார்த்தேன். அங்கே பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்குப்பலகையில் சறுக்குகிற பெரிய மேடு ஒன்று. அதிலேயே ஏறி இறங்குகிற மாதிரி ஒரு கோர்ஸ், பெயரே டொபாகன். 2000-இல் ஆன் ஆர்பரில் நடந்த உலகப் போட்டியில் இந்த மேட்டிலும் ஆடியிருக்கிறார்கள். மேலே நின்று கீழே எறிந்தால் தட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. கீழேயிருந்து மேலே எறிந்தால் பாதியில் மூச்சு வாங்கித் திரும்பி உருண்டு நம் காலடிக்கே வருகிறது. இதற்குச் சங்கத்தார் வைத்திருக்கும் வழி, உயர வித்தியாசத்தை மூன்றால் பெருக்கித் தூரத்தோடு கூட்டு, இறக்கமானால் கழி. பத்தடி ஏற்றம் முப்பதடி தூரத்துக்குச் சமம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்வேயில் சரிவு நிலம் சுருங்கும். சரிவைத் தள்ளி, படுக்கைத் தூரத்தை மட்டும்தான் வரைபடத்தில் காட்டுவோம். மலையடிவாரத்து விவசாயிகள் "என் நிலம் இதைவிடப் பெருசு சார்" என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவார்கள். அவர்கள் தட்டுக்காரர்களிடம் போயிருக்க வேண்டும். அங்கே மேடு நீளும்.

இந்தக் கணக்குகளோடு நின்றிருந்தால் எனக்கு வழக்கே இல்லை. கடினத்தைத் தரம் என்று நினைக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், அங்கேதான் கலம் மாறியது. இதுவும் கோல்ஃபிலிருந்து வந்த வியாதிதான். 1966-இல் கோல்ஃப் டைஜஸ்ட் என்ற இதழ் அமெரிக்காவின் கோல்ஃப் மைதானங்களுக்கு முதன்முதலாகப் பட்டியல் போட்டபோது, மிகக் கடினமான 200 என்றுதான் போட்டது. பிறகுதான் கடினம் வேறு, சிறப்பு வேறு என்று உறைத்து, பட்டியலின் பெயரை மாற்றினார்கள். தட்டு விளையாட்டிலும் அந்த ஆசை வந்தது. தென் கரோலினாவில் ராக் ஹில் என்ற ஊரில் வின்த்ராப் பல்கலைக்கழகத்தின் ஏரிக்கரை. 1999 முதல் அங்கே அமெரிக்க வாகையர் போட்டி நடக்கிறது. நல்ல புல்வெளி, அங்கங்கே மரம். அகலமான நிலம். அகலமான நிலத்தில் பெரிய ஆட்டக்காரர்களுக்கு என்ன கஷ்டம்? கயிறு கட்டினார்கள். மஞ்சள் கயிற்றுக்கு அப்பால் தட்டு விழுந்தால் தண்டனை. 17-ஆம் கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அந்த வளையத்துக்குள் விழுந்தால்தான் கணக்கு என்றார்கள். வறண்ட நிலத்தில் தீவு!

அந்த ஆட்டத்தைக் காணொளியில் பார்த்தேன். உலகத்திலேயே நன்றாக எறிகிறவர் எறிந்த தட்டு, வைக்கோல் கட்டின் மேல் தட்டி, ஒரு கணம் யோசித்து, வெளியே சரிகிறது. கூட்டம் ஐயோ என்கிறது. பார்க்கச் சுவைதான், மறுக்கவில்லை. ஆனால் கயிறு கட்டித்தான் கஷ்டத்தை உண்டாக்க வேண்டுமென்றால் அந்தக் கஷ்டம் நிலத்தினுடையது அல்ல, கயிற்றுக்காரருடையது. போட்டி முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போய்விடலாம். நான் பணியிலிருந்த காலத்தில் இரவோடிரவாகக் கயிறு கட்டி எல்லையை நகர்த்தினவர்களை நிறையப் பார்த்தவன் என்பதால் எனக்கு இந்த விஷயத்தில் பாரபட்சம் உண்டு. மரமும் பள்ளமும் காற்றும் கொடுக்கிற கஷ்டத்துக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுவேன்.

இப்போது மதிப்பெண் போடுவது எல்லோர் கையிலும் வந்துவிட்டது. யூடிஸ்க் என்றொரு செயலி. ஆடியவர்கள் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுகிறார்கள். ஆண்டுதோறும் உலகின் சிறந்த 100 கோர்ஸ்கள் என்று அதிலிருந்து பட்டியல் வருகிறது. உலகமெங்கும் 15,000-க்கு மேல் கோர்ஸ்கள் இருக்கும்போது நூற்றுக்குள் வருவது சாதாரணமில்லை. மேப்பிள் ஹில் அதில் தொடர்ந்து முன்வரிசையில் இருக்கிறது. காணொளியில் பார்த்தவரை தகுதியான இடம்தான்: குளத்துக்கு மேலே எறிய வேண்டும், மரச்சந்தில் நுழைக்க வேண்டும், கிறிஸ்துமஸ் மரவரிசைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். 2003-இல் தொடங்கிப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய நிலம். பராமரிப்பு, பெயர்ப்பலகை, மேடை எல்லாம் நேர்த்தி. காசு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். காசு வாங்குகிறவனால்தான் அப்படி வைத்திருக்க முடியும். நாட்டில் இருக்கும் கோர்ஸ்களில் பெரும்பாலானவை இன்னும் பொதுப் பூங்காவில், இலவசம். பட்டியலின் உச்சிக்குப் போகப் போக அந்த விகிதம் மாறுகிறது. புறம்போக்கில் பிறந்த விளையாட்டு பட்டா நிலத்துக்குக் குடிபோகிறது.

நட்சத்திரத்தை நம்பலாமா என்று கேட்டால், ஒன்று சொல்வேன். 2021-இல் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் உலகப் போட்டி. ஃபோர்ட் பியூனவென்ச்சுரா என்ற பூங்கா, ஆற்றங்கரை, பழைய மரங்கள். கடைசி நாள், கடைசிக் கூடை. பால் மெக்பெத் ஓர் எறி முன்னிலை. அவரைப் பிடிக்க வேண்டுமென்றால் ஜேம்ஸ் கான்ராட் தான் நிற்கிற இடத்திலிருந்து நேரே கூடைக்குள் எறிய வேண்டும். 247 அடி. எங்கள் பழைய சங்கிலி 66 அடி, நூறு கண்ணி. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் சங்கிலித் தூரம். எறிந்தார். தட்டு ஏரிமேட்டுக் கொக்கு மாதிரி சாய்ந்து, நிதானமாக நிமிர்ந்து, சங்கிலிக்குள் போய் உட்கார்ந்தது. அதன் பிறகு கூடுதல் ஆட்டத்தில் அவரே வென்றார். பேரன் அந்தக் காணொளியை எனக்கு நாற்பது தடவையாவது காட்டியிருப்பான். ஒவ்வொரு தடவையும் அந்தச் சங்கிலிச் சத்தத்துக்கு எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இனி அந்தப் புல்வெளியில் நிற்கிற எவனும் வெறும் புல்வெளியைப் பார்க்கப்போவதில்லை. 247 அடியைப் பார்ப்பான், ஒரு நட்சத்திரம் கூட்டிப் போடுவான். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஓக் குரோவுக்கு என்ன குறைச்சல் என்பதுதான் என் கேள்வி. சங்கிலியே அங்கேதானே முதலில் குலுங்கியது?

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம், மாப்பிள்ளை, பேரன், நான் மூவரும் ஓக் குரோவில் கடைசியாக ஒரு சுற்று போனோம். அவர்கள் எறிந்தார்கள், நான் காலடி எண்ணினேன். என் காலடி இரண்டரை அடி, அது இலாகாவே ஒத்துக்கொண்ட கணக்கு. ஒரு கூடைக்குப் பலகையில் எழுதியிருந்ததற்கும் என் எண்ணிக்கைக்கும் பத்தடி வித்தியாசம். பலகையில்தான் தவறு. முடிந்ததும் மாப்பிள்ளை கைபேசியை நீட்டினார். "மாமா, நீங்களே மார்க் போடுங்க. அஞ்சுக்கு எத்தனை?"

"குறிப்புக் கலம் இருக்கா?" என்றேன்.

இருந்தது. பேரனை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யச் சொன்னேன். தமிழிலேயே அடித்தான், பாதி எழுத்துப் பிழையோடு: ராக்கெட் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தெற்கு, ஓக் குரோவ் சாலைக்குக் கிழக்கு, 210-ஆம் நெடுஞ்சாலைக்கு வடக்கு, அணைப் பள்ளத்துக்கு மேற்கு. இந்த நான்கு மாலுக்கு உட்பட்ட ஓக் மரங்களும் இரும்புக் கூடைகளும். நிழல் உண்டு. ஆக்கிரமிப்பு இல்லை.

"தாத்தா, நட்சத்திரம்?" என்றான்.

பின்னால் நாலு பேர் கொண்ட கும்பல் ஒன்று எங்கள் மேடைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வழி விடச் சொன்னேன்.